நாகர் மொழி அறிந்தவன்: மணிமேகலை, விளையாட்டுலகின் நாகங்கள், தோட்டத்துப் புற்று

முன்னுரை

நெகிரி செம்பிலான் தோட்டப்புறங்களில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு ‘நாகம்’ என்னும் சொல் ஒரு காலத்தில் ஓரிடத்திலிருந்தே அறிமுகமாயிற்று. லயன் வீடுகளுக்குப் பின்னால், ஏதேனும் ஒரு மரத்தடியில், மஞ்சளும் குங்குமமும் பூசப்பட்டு நின்ற கறையான் புற்றே அவ்விடம். அப்பிள்ளைகளின் பிள்ளைகளுக்கு இன்று அச்சொல் வேறு வழிகளில் வந்து சேர்கின்றது. மலாய்மொழியில் ‘நாகா’ என்பது பாம்பைக் குறிப்பதன்று. பறவைநாகம் போன்றதொரு பெருவிலங்கைக் குறிப்பது. சீனப் புத்தாண்டு விலங்கும் அதே பெயரால் சுட்டப்படுகின்றது. இவற்றுக்கு மேலாகக் கணினியிலும் மேசையிலும் ஆடப்படும் கற்பனை விளையாட்டுகள் உள்ளன.

சில ஆண்டுகளுக்கு முன் மணிமேகலை வகுப்பில், ‘நாகர்’ என்றவுடன் உங்கள் மனக்கண்ணில் தோன்றும் உருவத்தை வரைக என முதலாமாண்டு மாணவரைக் கேட்டேன். பலர் படமெடுத்த பாம்பை வரைந்தனர். பகாவ் வட்டாரத்துத் தோட்டமொன்றில் பால்வெட்டிய குடும்பத்தின் பேரனாகிய ஒரு மாணவர், மனிதத் தலையும் பாம்புடலும் கொண்ட ஓர் உருவத்தை மிக நேர்த்தியாக வரைந்திருந்தார். அதற்குக் கீழே வலிமை, விடம், அறிவு ஆகியவற்றுக்குத் தனித்தனியே எண்களும் இட்டிருந்தார். அறிவுக்கு இட்ட எண் ஏனையவற்றைவிடப் பெரிது. அது எங்கிருந்து வந்தது எனக் கேட்டபோது, ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்று விடை கூறினார்.

பாம்புக்கு அறிவுண்டு எனக் கொள்வதில் அவ்விளையாட்டும் நம் காப்பியமும் நம் தோட்டத்துப் பாட்டிமாரும் உடன்படுகின்றனர். அவ்வறிவைக் கொண்டு பாம்பு என்ன செய்யலாம் என்பதில்தான் வேறுபடுகின்றனர். அவ்வேறுபாட்டை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். ‘நம்முடையதை அவர்கள் திருடிக்கொண்டனர்’ என முறையிடுவது இதன் நோக்கமன்று. ‘நாகம்’ தமிழுக்கே வடமொழியிலிருந்து வந்த சொல். நமக்கெனப் பாம்பும் அரவும் இருந்தன. இரவல் வாங்கிய சொல்லுக்கு உரிமைப்பட்டயம் கோருதல் அறிவுடைமையாகாது.

விளையாட்டும் அதன் விலங்கு நூலும்

இவ்விளையாட்டை அறியாதார் பொருட்டுச் சில சொற்கள். நால்வர் ஐவர் ஒரு மேசையைச் சுற்றி அமர்வர். ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை ஏற்பர். ஒருவர் மட்டும் ஆட்ட நடத்துநராக இருந்து, காட்டையும் கோட்டையையும் வழியில் எதிர்ப்படும் உயிர்கள் அனைத்தையும் தம் வாய்மொழியால் படைத்துக் காட்டுவர். ஐயம் எழும் இடங்களில் பகடை உருட்டப்படும். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்திலிருந்து 1974 இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய இருவர் பெயரால் வெளிவந்தது இது. எதிர்ப்படும் உயிர்களை வகைப்படுத்திய ‘மான்ஸ்டர் மேனுவல்’ என்னும் நூல் 1977 இல் வெளியாயிற்று.

அந்நூலில் மூவகை நாகங்கள் உள்ளன. தூய இடங்களைக் காக்கும் காவல் நாகம் நல்லது. பாழிடங்களில் வாழ்ந்து, பார்வையால் மயக்கும் ஆவி நாகம் தீயது. நன்னீரில் வாழும் நீர் நாகம் இரண்டுமற்றது. மூன்றும் அறிவுடையன, மந்திரம் வல்லன. ஆயினும் நூலைத் திறந்தவுடன் கண்ணில் படுவது இவ்விளக்கமன்று. ஒவ்வோர் உயிருக்கும் மேலே தரப்பட்டுள்ள பட்டியலே. எத்தனை எண்ணிக்கையில் தோன்றும், எவ்வளவு விரைவில் நகரும், எத்தகைய புதையல் வைத்திருக்கும், அறிவு எத்தரத்தது, நன்மைச் சார்பா தீமைச் சார்பா என்பனவெல்லாம் வரிசையாகக் குறிக்கப்பட்டிருக்கும். முதன்முறை அதைக் கண்டபோது எனக்குத் தோட்டத்து அலுவலகச் செக்ரோல் நினைவுக்கு வந்தது. பெயர், எண், அன்றாடப் பேர். அதற்குமேல் ஒருவரைப் பற்றி அறிய அந்த ஏட்டுக்கு ஆவலில்லை.

1981 இல் வெளிவந்த ஓர் ஆட்டக் கதையில் டேவிட் குக் ‘யுவான்-டீ’ என்னும் பாம்பினத்தாரை அறிமுகப்படுத்தினார். அடர்ந்த காட்டினுள் அழிந்துபட்ட நகரமொன்றில் மறைந்து வாழ்வோர் அவர்கள். மனிதராயிருந்து, பாம்பு வழிபாட்டால் பாம்புக்குருதி கலக்கப் பெற்றவர்கள். எவ்வளவு பாம்பு, எவ்வளவு மனிதர் என்பதைப் பொறுத்து அவர்களுக்குள் படிநிலைகள் உண்டு. நுண்ணறிவும் சூழ்ச்சியும் மிக்கவர்கள், முற்றும் தீயவர்கள். வெப்பமண்டலக் காடு, சிதைந்த கோயில், பாம்பு வழிபாடு, கலப்புக் குருதி ஆகிய நான்கும் ஒருங்கே தீமையின் அடையாளங்களாக அமைந்திருப்பதை நம் நாட்டு வாசகர் எளிதில் கடந்து செல்லவியலாது. நம் தோட்டங்கள் அத்தகைய காட்டை வெட்டி எழுந்தவை. நம் முன்னோர் அத்தகைய வழிபாட்டை அக்காட்டுக்குக் கொண்டு வந்தவர்கள். ஓர் இனம் முழுமையும் பிறவியிலேயே தீயது எனக் காட்டும் பழக்கத்தை மாற்றிக்கொள்ளப் போவதாக இவ்விளையாட்டை வெளியிடும் நிறுவனம் 2020 இல் அறிவித்தது. அவ்வறிவிப்பு ஓர்க், டிரௌ ஆகிய இனங்களை முன்னிறுத்திச் செய்யப்பட்டது. வரவேற்கத்தக்கதே. எனினும் சார்பு வரியைத் திருத்துவதனால் மட்டும் சிக்கல் தீர்ந்துவிடும் என நான் கருதவில்லை. அதன் வேர் மொழியில் இருக்கின்றது.

பாம்பால் சொல்ல முடியாத சொல்

அறிவுடைய பாம்பினம் என்னும் கருத்து அமெரிக்கக் கற்பனை இலக்கியத்தில் வலுவாக வேரூன்றியது ராபர்ட் இ. ஹோவர்ட் எழுதி 1929 இல் வெளிவந்த ‘தி ஷேடோ கிங்டம்’ என்னும் கதையாலாகும். அதில் பாம்பு மாந்தர் மனித உருவம் தாங்கி அரசவைக்குள்ளேயே நடமாடுகின்றனர். அமைச்சர் யார், பாம்பு யார் என்று அரசனுக்கே தெரியாது. அவர்களைக் கண்டறிய ஒரே வழியுண்டு. மனித வாயால் மட்டும் ஒலிக்கக்கூடிய ஒரு பழந்தொடர் இருக்கின்றது. பாம்பின் தாடையால் அதை ஒலிக்க முடியாது. அத்தொடரைச் சொல்ல இயலாதவன் பாம்பு. வாளுக்கு இரையாக வேண்டியவன்.

நாவைக் கொண்டு இனம் பிரித்துக் கொல்லும் இவ்வுத்தி மனித வரலாற்றில் பழையது. இங்கு நாம் நோக்க வேண்டியது, அக்கதையில் பாம்பின் மொழியை மனிதர் கற்க வேண்டும் என்னும் எண்ணத்துக்கே இடமில்லை என்பதாகும். தேர்வு எழுத வேண்டியது எப்போதும் பாம்பே.

இதற்கு முன்னரே, 1894 இல் வெளியான ‘ஜங்கிள் புக்’ நூலில் கிப்ளிங் ஒரு நாக இணையைப் பேசவைத்தார். பெயர்களே நாக், நாகைனா. இந்தியப் படைக்குடியிருப்பு ஒன்றின் பங்களாத் தோட்டத்தில் அவை வாழ்கின்றன. வீட்டில் மனிதர் இல்லையென்றால் கீரியும் இராது, தோட்டம் மீண்டும் தமதாகும், முட்டையிலிருந்து வரும் குஞ்சுகளுக்கு இடம் கிடைக்கும் என்று அவை திட்டமிடுகின்றன. அவற்றின் பேச்சைக் கீரியின் தரப்பிலிருந்து விலகி நின்று கேட்டால், அது நிலம் இழந்தவர் பேச்சாகவே ஒலிக்கும். கிப்ளிங் அதை நம் செவியில் விழச் செய்கிறார். ஆனால் யாரும் அதற்கு விடை கூற வேண்டியதில்லை. முலாம்பழப் பாத்தியிலிருந்த முட்டைகள் நசுக்கப்படுகின்றன. சிறுவயதில் ஆங்கிலப் பாடநூல் வழியாக இக்கதையைப் படித்தபோது கீரிக்காகக் கைதட்டியவர்களுள் நானும் ஒருவன்.

‘வார்கிராஃப்ட்’ விளையாட்டின் 2003 ஆம் ஆண்டுப் பதிப்பில் கடலுக்குள் மூழ்கி உருமாறிய நாகர் வருகின்றனர். சிரம்பானிலும் பகாவிலும் இணைய மையங்களில் மணிக்கணக்கில் அமர்ந்திருந்த நம் பிள்ளைகள் அறிந்தவர்கள் அவர்கள். ஆங்கே அவர்கள் போர்ப்படையே; பேச்சு மிகக் குறைவு.

சாதுவனும் நாகர் தலைவனும்

இனி மணிமேகலைக்கு வருவோம். அதன் பதினாறாவது காதையாகிய ஆதிரை பிச்சையிட்ட காதையைத் தமிழாசிரியர் பலரும் ஆதிரையின் கற்புக்காகவே கற்பிக்கின்றனர். தீ அவளைச் சுடாமல் விட்ட நிகழ்ச்சியோடு பாடம் முடிந்துவிடுகின்றது. என் பார்வையில் அக்காதையின் உயிர் அவள் கணவன் சாதுவன் பகுதியிலேயே உள்ளது.

சாதுவன் உத்தமனல்லன். கணிகையிடமும் சூதிலும் பொருளைத் தொலைத்தவன். (பகடை விளையாட்டைப் பற்றிப் பேசும் கட்டுரையில் இது தற்செயலான பொருத்தமே.) பொருளீட்டக் கடல் கடந்தபோது மரக்கலம் உடைந்தது. ஒடிந்த பாய்மரத் துண்டைப் பற்றிக்கொண்டு நக்க சாரணராகிய நாகர் வாழும் மலையைச் சார்ந்த கரையை அடைந்து, மரநிழலில் உறங்கிவிடுகிறான். நாகர் சூழ்கின்றனர். தனியாக வந்த இவன் நல்ல உணவு என்பது அவர்கள் எண்ணம். எழுப்பப்பட்ட சாதுவன் அவர்கள் மொழியிலேயே பேசுகிறான். அவன் அம்மொழியைப் பிழையறக் கற்றிருந்தான் என்கிறார் சாத்தனார். அந்த ஒரு காரணத்தால் அவன் உயிர் தப்புகிறான். தங்கள் தலைவனிடம் வருமாறு அழைக்கப்படுகிறான்.

ஹோவர்டின் கதையோடு இதை அருகருகே வைத்துப் பார்த்தல் வேண்டும். அங்கு மனித மொழியைச் சொல்ல இயலாமையால் பாம்பு உயிரிழக்கின்றது. இங்கு நாகர் மொழியைச் சொல்ல இயன்றமையால் மனிதன் உயிர் பிழைக்கின்றான்.

அதனினும் பெரிது அடுத்து நிகழ்வது. கள் காய்ச்சும் பானையும் முடை நாற்றமும் உலரும் வெள்ளெலும்பும் சூழ, தன் துணையோடு அமர்ந்திருக்கிறான் தலைவன். விருந்தினனுக்கு இளம்பெண்ணும் கள்ளும் ஊனும் தருக என்கிறான். சாதுவன் மறுக்கிறான். தலைவனுக்குச் சினம் மூளுகின்றது. பெண்ணும் உணவும் இல்லையென்றால் மனிதருக்கு இவ்வுலகில் வேறு என்ன பயன் உண்டு, உண்டெனில் காட்டு என்று வினவுகிறான். சாதுவன் நல்வினை தீவினை பற்றிக் கூறுகிறான். தலைவன் நகைக்கிறான். உடலை விட்டு நீங்கும் உயிர் வேறோரிடம் சென்று புகும் என்றாயே, அது எவ்வாறு என மீண்டும் வினவுகிறான். உயிருள்ள உடல் வெட்டினால் உணரும், உயிரற்ற உடல் சுட்டாலும் உணராது, ஆதலால் நீங்கிய ஒன்று உண்டு என்று சாதுவன் விளக்குகிறான். இப்போது தலைவன் அடிபணிகிறான். பணிந்த நிலையிலும் அவன் வினவுவதை நிறுத்தவில்லை. கள்ளையும் ஊனையும் கைவிட்டால் இவ்வுடலில் உயிரை எப்படிக் காப்பது, எங்களுக்கு ஏற்ற அறத்தைச் சொல் என்கிறான்.

மூன்று வினாக்கள். முதலாவது, வாழ்வின் பயன் பற்றியது. இரண்டாவது, சான்று கேட்பது. மூன்றாவது, நடைமுறை பற்றியது. மெய்யியல் வகுப்பில் இவ்வரிசையில் வினவும் மாணவன் கிடைத்தால் நாம் மகிழ்வோம். மூன்றாவது வினா சாதுவனின் அறத்தையே மாற்றிவிடுகின்றது என்பது ஆழ்ந்து நோக்கத்தக்கது. அவன் முழுப் புலால் மறுப்பை அவர்கள்மேல் சுமத்தவில்லை. மூத்துத் தாமாக இறக்கும் விலங்கொழிய ஏனைய உயிர்களைக் கொல்லற்க. கலம் உடைந்து கரையொதுங்குவோரைக் காப்பாற்றுக என்று, அவர்களால் ஏற்கக்கூடிய ஓர் உடன்பாட்டைச் சொல்கிறான். நாகனின் கேள்வி மனிதனின் விடையைத் திருத்தியிருக்கிறது.

இதைக் கொண்டு நம் காப்பியம் குறையற்றது எனக் கொண்டாடுதல் நேர்மையாகாது. நாகரை ஆடையற்றவராகவும் நரமாமிசம் உண்போராகவும் காட்டுவது சாத்தனார்தாம். தலைவனைத் துணையோடு கூடிய கரடிக்கு உவமிக்கிறார். காட்டுமிராண்டி என்னும் பட்டியலில் அவரும் ஒரு வரி எழுதியிருக்கிறார். இறுதியில் சாதுவன் பெற்றுக்கொண்டு திரும்பும் சந்தனமும் அகிலும் ஆடையும் பிறவும், முன்னர் கரையொதுங்கி உண்ணப்பட்டவர்களின் உடைமைகள். புதையலோடு வீடு திரும்பும் விளையாட்டு வீரனுக்கும் அவனுக்கும் இவ்வகையில் தொலைவு அதிகமில்லை.

இந்நாகர் பாம்புகளா, மாந்தரா என்னும் வினா எழக்கூடும். உவமை கரடியாக அமைந்ததே விடையின் ஒரு பகுதி. ஈண்டு அவர்கள் மாந்தரே. ஆனால் அதே நூலில் மணிபல்லவத்துப் பீடிகைக்காகப் போரிடும் நாக அரசர் இருவரும், நாகநாட்டு வளைவணன் மகள் பீலிவளையும் அவ்வளவு தெளிவாக ஒரு பக்கம் நிற்பதில்லை. ஜேம்ஸ் பெர்குசன் 1868 இலும் வோகல் 1926 இலும் வெளியிட்ட நூல்கள் நாக வழிபாட்டுச் செய்திகளை ஐரோப்பிய நூலகங்களுக்குக் கொண்டு சேர்த்தன. அக்காலந்தொட்டு ‘நாகர் இனமா, பாம்பா’ என்னும் பிரிப்பு ஆய்வாளரின் விருப்பத்துக்குரிய பொழுதுபோக்காயிற்று. அந்தக் கலப்பே மரபின் இயல்பு என்பது என் கருத்து. முழுப் பாம்புருவிலேயே பேசும் நாகத்துக்கு நளன் கதையின் கார்க்கோடகன் இருக்கிறான். காட்டுத்தீயில் சிக்கி நளனைப் பெயர் சொல்லி அழைத்து, தன்னைத் தூக்கிச் செல்லும்போது அடிகளை எண்ணச் சொல்கிறான். பத்தாவது அடியில் நளன் ‘தச’ என்கிறான். கடி என்னும் பொருளும் தரும் அச்சொல்லை ஆணையாகக் கொண்டு பாம்பு கடிக்கின்றது. அக்கடி தீங்கன்று, பகைவர் அறியாதபடி அவன் உருவை மறைக்கும் உதவி. சொல்லின் இரட்டைப் பொருளை அறிந்து அதற்குள் உதவியை ஒளித்து வைக்கும் அறிவு, எந்த எண்ணால் அளக்கப்படும்? விளையாட்டு நூலில் பாம்புக்கடிக்கு இழப்புப் புள்ளி என்ற ஒரே பொருள்தான் உண்டு.

தோட்டத்தில்

மொழியறிதல் தன்னளவில் அறமாகிவிடாது என்பதைத் தோட்டத் தமிழர் யாவரையும்விட நன்கறிவர். துரைமாரும் தமிழ் கற்றனர். 1919 இல் தொடங்கப்பட்ட தோட்ட நிர்வாகிகள் சங்கம் அவர்களுக்குத் தமிழ்த் தேர்வே நடத்தியது. இலங்கைச் சின்னத்துரைகளுக்காகக் கொழும்பில் அச்சிடப்பட்ட கையேடு ஒன்றின் பெயர் ‘இங்கே வா’. ஏவல் வினையே நூலின் தலைப்பு. அத்தமிழில் கட்டளைக்கு இடமிருந்தது. தொழிலாளி திருப்பிக் கேட்கும் வினாவுக்கு இடமில்லை. ஆதலால் யார் யாருடைய மொழியை அறிந்திருந்தார் என்பதோடு நில்லாது, அம்மொழியில் யார் வினவ முடிந்தது என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

என் பாட்டி ரந்தாவ் வட்டாரத்துத் தோட்டமொன்றில் முப்பதாண்டுகளுக்கு மேல் பால்வெட்டியவர். இருட்டியபின் ‘பாம்பு’ என்னும் சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை; ‘பூச்சி’ என்பார். விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரையில் இறங்குவோருக்குப் பாம்பு கற்பனைப் படைப்பன்று. பால்மங்கைத் தூக்கக் குனியும் கைக்கு அருகில் அது இருக்கலாம்.

இங்கு ஒரு செய்தியை நம் ஆய்வாளர் போதிய அளவு கருத்திற் கொள்ளவில்லை எனத் தோன்றுகின்றது. தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் அறிந்த நல்லபாம்பு, படத்தின் பின்புறம் மூக்குக்கண்ணாடி போன்ற அடையாளம் கொண்டது. அதைக் கண்ணன் பாதச்சுவடு எனவும் கூறுவர். தீபகற்ப மலேசியாவில் அவர்கள் எதிர்ப்பட்ட கருநாகத்துக்கு அவ்வடையாளம் இல்லை. மேலும் அது கண்ணை நோக்கி விடத்தை உமிழக்கூடியது. ஊரில் இருந்தது கடிக்க மட்டுமே அறிந்தது. அதாவது, அடையாளமும் நடத்தையும் மாறிய ஓர் அயல் உயிரைக் கண்டு, ‘நீயும் நாகம்மாள்தான்’ என்று ஏற்றுக்கொண்டிருக்கின்றனர். கரையொதுங்கியவர்களாகிய அவர்களே, தாங்கள் கண்ட நாகத்தை உறவுக்குள் கொணர்ந்தனர். ‘விடம் உமிழும்’ என்பது விளையாட்டு நூலில் காவல் நாகத்துக்குரிய சிறப்புத் தாக்குதல். அங்கே அது ஒரு வரி. இங்கே அதற்காக ஒரு குடும்பம் முழுவதும் வழிபாட்டு முறையைப் புதிதாக வகுத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

எங்கள் லயனுக்குப் பின்னால் இருந்த புற்றில் வெள்ளிதோறும் முட்டையும் பாலும் வைப்பார்கள். பாம்பு பால் குடிப்பதில்லை என்று பள்ளியில் கற்றுவந்து பாட்டியிடம் சொன்னேன். “குடிக்கலைன்னா என்னய்யா, வச்சோம்னு அதுக்குத் தெரியுமில்ல” என்றார். புற்றின் முன் அவர் பாடியதை நான் கேட்டதில்லை, பேசியதைத்தான் கேட்டிருக்கிறேன். போன கிழமை உன் பிள்ளை எங்கள் வாசல்வரை வந்துவிட்டது, நாங்கள் அடிக்கவில்லை, கம்பை எடுத்த பையனைத் தடுத்தவள் நான்தான், ஆயாக்கொட்டகைப் பக்கம் மட்டும் வராதே என்கிற தோரணையில் அது அமையும். வரவு செலவுக் கணக்கு ஒப்புவிப்பது போன்ற அப்பேச்சில் துதி மிகக் குறைவு. எதிரே இருப்பது கணக்குப் புரிந்துகொள்ளும் அறிவுடையது என்பதும், அதற்கும் ஒரு தரப்பு உண்டு என்பதும் அப்பேச்சின் அடிப்படை.

அத்தரப்பு வாய் திறந்த நாளும் உண்டு. ரப்பரை அழித்துச் செம்பனை நடத் தொடங்கிய ஆண்டின் திருவிழாவில், லயனில் குடியிருந்த ஓர் அம்மாவின் மேல் நாகம்மாள் இறங்கினாள். நாவை நீட்டித் தரையில் நெளிந்தவர், கூட்டத்திலிருந்த தண்டலைப் பார்த்து வினவினார்: “எம் மரத்த வெட்றீங்களே, எனக்கு எங்க நெழலு?” தண்டல் கைகட்டி நின்றார். ஆலோசனைக்குப் பின் விடை சொல்லப்பட்டது. புற்று நிற்கும் இடத்தில் இயந்திரம் ஏறாது. நிலத்தைச் சமன்படுத்திய பொறியை ஓட்டியவர் தமிழரல்லர். ஆயினும் அவரும் அவ்விடத்தைச் சுற்றி வளைந்து சென்றார். செம்பனை வரிசைகளுக்கு நடுவே, உழப்படாத பிறைபோல் அவ்விடம் பல்லாண்டு இருந்தது. செம்பனையின் எலிகளைத் தேடிக் கருநாகங்கள் முன்னினும் அதிகமாக வந்தன என்பது வேறு கதை.

நாகர் தலைவனின் மூன்றாவது வினாவுக்கும் அந்த அம்மாவின் வினாவுக்கும் உள்ள ஒற்றுமையை நான் வெகுநாள் கழித்தே உணர்ந்தேன். இரண்டும் ‘இனி எப்படி வாழ்வது’ என்று கேட்பவை. இரண்டும் விடையாக ஓர் உடன்பாட்டைப் பெற்றவை.

அவ்வுடன்பாடு எழுத்தில் இல்லை. நீலாய் முதல் சிரம்பான் 2 வரை தோட்ட நிலங்கள் வீடமைப்புப் பகுதிகளான காலத்தில் எங்கள் தோட்டமும் கைமாறியது. மாரியம்மன் கோயிலுக்குப் பதிவும் நிர்வாகக் குழுவும் இருந்தமையால் பேச்சுவார்த்தைக்குப் பின் மாற்றிடம் கிடைத்தது. கூரையற்ற புற்று எந்தப் பட்டியலிலும் ஏறவில்லை. அதைக் கேட்டுப் பெற வேண்டும் என்று குழுவினருக்கும் தோன்றவில்லை; அவர்களுள் என் உறவினரும் இருந்தனர்.

வாயைக் கடன் கொடுத்தல்

மேலே விளையாட்டு நூலைக் கடுமையாகவே குறை கூறினேன். விளையாட்டின் வடிவத்தைப் பற்றி அவ்வாறு கூற இயலாது. முனைவர்ப் பட்டத்துக்காக அயல்நாட்டில் இருந்தபோது, மாணவர் விடுதியில் சனிக்கிழமை இரவுகளில் இது ஆடப்படுவதைக் கண்டிருக்கிறேன். ‘நாகா என்பது உங்கள் நாட்டுச் சொல்லாமே’ என்று என்னையும் அருகில் அமர்த்தினர். ஓரிரவு, ஆட்டத்தில் ஒரு குளத்திலிருந்து நீர் நாகம் எழுந்தது. வீரர்கள் பகடைகளை எடுத்துவிட்டனர். ஆட்ட நடத்துநராக இருந்த மாணவி, குரலைத் தாழ்த்தி, நாகத்தின் வாயாக வினவினார்: “இங்கே எதற்கு வந்தீர்கள்?” ஒருவருக்கும் விடை தெரியவில்லை. புதையலுக்கு என்று சொல்ல வெட்கமாயிருந்தது போலும். பட்டியலில் அந்நாகம் தாக்கும் முறை இருந்தது. அந்த வினா இல்லை. அதை அம்மாணவி தாமே தந்தார்.

நாகத்துக்குத் தம் வாயைக் கடன் கொடுக்க ஒருவர் இருக்கும்வரை அது வினவ முடியும். தோட்டத்தில் அருள் வந்த அம்மாவுக்கும் இம்மாணவிக்கும் நம்பிக்கையில் வேறுபாடு மிகப் பெரிது. ஒன்று வழிபாடு, மற்றொன்று பொழுதுபோக்கு. இரண்டையும் ஒன்றெனக் கூறுவோர் இரண்டையுமே அறியாதவர். ஆயினும், பிறிதோர் உயிரின் தரப்பை முதலிடத்தில் நின்று ‘நான்’ என்று பேசும் செயலைப் பொறுத்தவரை அவர்களுக்கிடையே ஒப்புமை உண்டு. அச்சடித்த காப்பிய உரைகளும் தேர்வு வினாத்தாள்களும் அச்செயலை நம் மாணவரிடமிருந்து அகற்றிவிட்டன. நாகர் தலைவனின் வினாக்களை நாம் ‘சாதுவன் நாகர்க்குக் கூறிய அறங்கள் யாவை?’ என்ற ஒரு வினாவாகச் சுருக்கிவிட்டோம். கேட்டவன் மறைந்தான்.

ஆகவே சென்ற பருவத்தில் அக்காதையை ஆடிப் பார்க்கச் செய்தேன். பகடையில்லை, எண்களில்லை. படம் வரைந்த அதே மாணவர், இப்போது இறுதியாண்டு, சாதுவனாக முன்வந்தார். ஆசிரியப் பயிற்சியை முடித்து வந்திருந்த ஒரு மாணவி நாகர் தலைவன். காப்பியத்தில் உள்ள மூன்று வினாக்களையும் அவர் முறையாகக் கேட்டார். சாதுவனும் முறையாக விடையிறுத்தார். முடிந்துவிட்டதென நான் எழுந்தபோது, தலைவன் அமர்ந்தபடியே நான்காவதாக ஒன்றை வினவினார்: “எங்கள் மொழியை நீ எங்கே கற்றாய்?”

சாத்தனார் அதைச் சொல்லவில்லை. கற்றிருந்தான் என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். சாதுவனாக நின்ற மாணவர் ஒருவாரத் தவணை கேட்டார். அடுத்த வகுப்பில் வந்து, புகார்த் துறைமுகத்துச் சூதாட்டக் கொட்டிலில் தன்னோடு ஆடிய நாகன் ஒருவனிடம் கற்றதாகவும், அவனுக்குத் தான் இன்னும் பணம் தரவேண்டியிருப்பதாகவும் கூறினார். அந்நாகன் பெயர் என்ன என்று தலைவன் கேட்டார்.